அம்மா படத்துக்கு ஒரு வரி

பழைய உறைகளின் மேல் எழுதியிருக்கிற வார்த்தைகளை மாற்றுவதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் மேடமும். வேறு யாரும் அந்த அறைக்கு வருவதில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு முதியோர் இல்லம். கிறிஸ்தவ சபை நடத்துகிறது. ரொம்பப் பழசு. அங்கே இருந்தவர்களைக் காலம் காலமாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். உதவி செய்கிறவர்களுக்கு அனுப்ப, கிறிஸ்துமஸ் விழாவுக்கு, சும்மாவும். ஒவ்வொரு படமும் ஒரு காகித உறைக்குள் இருக்கும். உறைமேல் அந்தக் காலத்து வார்டன் ஒரு வரி எழுதியிருப்பார். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வைக்கப் போகிறார்கள். அதற்காக வந்தவர் மேடம். நூலகப் படிப்பு படித்தவர். என் மகள் வயது இருக்கும். எனக்கு மகள் இல்லை.

நான் எட்டாவது வரை. இல்லத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். எழுத்து உருண்டையாக இருக்கும் என்று சொல்லி மதர் என்னை அந்த அறைக்கு அனுப்பினார்கள். மதர் என்றால் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரி.

உறையிலிருந்து படத்தை எடுப்பேன். பிரஷ்ஷால் தூசி தட்டுவேன். உறைமேல் இருப்பதைச் சத்தமாகப் படிப்பேன். மேடம் டைப் செய்வார். புது வரி சொல்வார். நான் அதைப் புது உறையில் எழுதுவேன். பென்சில்தான். பேனா என்றால் மை படத்தில் இறங்கிவிடும். பழைய உறையையும் எறிவதில்லை. பின்னால் வைத்துக் கட்டிவிடுவோம். முன்னால் இருந்தவர்கள் என்ன எழுதினார்கள் என்பதும் தெரிய வேண்டுமாம்.

'படுத்த கிழம்.' 'பல் போன கிழவி, சிரிக்கிறது.' 'அநாதைக் கிழடு.' 'காது கேளாத கிழவன், உபயோகமில்லை.'

இப்படித்தான் இருக்கும். எழுதினவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள்தான் இவர்களுக்குச் சோறு ஊட்டினார்கள், பீ துடைத்தார்கள். அப்படித்தான் எல்லாரும் பேசுவது. பஸ்ஸில் ஒருவர் மெதுவாக ஏறினால் நானும் 'பெருசு, ஏறு ஏறு' என்பேன்.

மேடத்துக்கு ஒரு விதி இருந்தது. வயது தெரிந்தால் வயதை எழுது. தெரியாவிட்டால் விட்டுவிடு. கிழம் வேண்டாம், பாவம் வேண்டாம். ஆடு மாட்டுக்குச் சொல்வது போல சிரிக்கிறது, படுத்திருக்கிறது வேண்டாம். பேர் இருந்தால் பேர். படத்தில் என்ன தெரிகிறதோ அது. 'ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார்.' அவ்வளவுதான். உனக்கு என்ன தோன்றுகிறது என்பது வேண்டாம்.

எனக்கு அந்த விதி பிடித்தது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றுவதில்லை.

ஆரம்பத்தில் மேடம் ஒரு காரியம் செய்தார்.

"ஒவ்வொண்ணா மாத்தினா எப்ப ஆன்ட்டி முடிக்கிறது? இருங்க, கம்ப்யூட்டரே மாத்திக்கும்."

அதுவரை டைப் செய்திருந்த வரிகளில் 'கிழ' என்று வருகிற இடமெல்லாம் 'முதிய' என்று மாற்றச் சொல்லி ஒரு தட்டு தட்டினார். மாறிவிட்டது. சரியா என்று என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"முதியக்குத் தாம்பரம் இல்லத்தில் ஞாயிற்றுக்முதியமை ஜெபம்."

"என்னது?"

"மதிய உணவு, சேப்பங்முதியங்கு வறுவல்."

மேடம் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க எப்படி சிரிக்காம படிக்கிறீங்க?"

"எழுதியிருக்கறததான படிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வராது. அம்மா போன பிறகு அப்படி ஆகிவிட்டது. வைத்தியம் பார்க்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. சோறு இறங்குகிறது. தூக்கம் வருகிறது. கை வேலை செய்கிறது.

கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை என்று ஆகி, முதல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு உறையாக எடுக்க ஆரம்பித்தோம்.

அம்மா அந்த இல்லத்தில்தான் இறந்தாள். அதற்கு முன்னால் என்னோடு இருந்தாள். ஒரே அறை. நான் வேலைக்குப் போனதும் கதவைத் திறந்துகொண்டு ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போய் நடுவில் நிற்பாள். லாரிக்காரன் கத்துவான். வெளியே பூட்டிவிட்டுப் போனேன். ஜன்னல் வழியாகத் தட்டு, டம்ளர் எல்லாம் தெருவில் வந்து விழுந்தது. பிறகு அக்கா கேளம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்றாம் மாடி ஃபிளாட். லிஃப்ட்டுக்குள் நுழைய மாட்டேன் என்று அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன் தூக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளில் அக்கா திரும்பக் கொண்டுவந்து விட்டாள். அதன்பின் இல்லம். நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பக்கத்தில் இருக்கலாம் என்று அங்கேயே வேலை கேட்டு வாங்கினேன். அம்மா போன பிறகும் வேலை இருந்தது. போய்க்கொண்டிருந்தேன்.

சொந்தக்காரர்களுக்கு, அம்மா அக்கா வீட்டில் இறந்துபோனதாகச் சொன்னோம். அக்கா சொன்னாள். நான் சும்மா இருந்தேன்.

அன்றைக்குக் காலையில் பத்துப் பன்னிரண்டு உறை முடித்திருப்போம். அடுத்ததை எடுத்து, தூசி தட்டி, உறையைப் படித்தேன்.

"பிடிவாதக் கிழவி. சாப்பிடாது. ஞாயிறு."

"பேர் இருக்கா?"

"பின்னாடி இருக்கு."

பேரைப் படித்தேன். மேடம் டைப் செய்தார். 'நீல நைட்டி அணிந்த பெண் சாப்பாட்டு அறையில் தட்டைத் தள்ளிவைக்கிறார்' என்றார். எழுதினேன். பேரையும் எழுதிவிட்டு அடுத்த உறையை எடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னேன்.

"மேடம், காலையில பாத்தமே, தட்டு தள்ற படம். அது எங்க அம்மா."

மேடம் எழுந்து நின்றுவிட்டார். எதற்கு நிற்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

"ஏன் ஆன்ட்டி அப்பவே சொல்லல?"

"வேலை நடந்துட்டிருந்துச்சு."

ஞாயிறு எனக்கு லீவு. அதனால் அந்தப் படம் எடுத்தது எனக்குத் தெரியாது. மறுபடி எடுத்துப் பார்த்தேன். முடியை ஒட்ட வெட்டின பிறகு எடுத்தது. பேன் விழுகிறது என்று எல்லாருக்கும் வெட்டிவிடுவார்கள். கை தட்டின் விளிம்பில் இருக்கிறது. வாய் இறுக்கமாக இருக்கிறது. பார்வை படம் எடுக்கிறவர் மேல். அவரைத்தான் திட்டப் போகிறாள்.

வீட்டு ஆட்கள் தெரிந்தால் அவர்களைக் கேட்காமல் எதையும் வெளியில் வைக்கக் கூடாது. அதுவும் விதி. பிள்ளைகள் எல்லாரும் சரி சொல்ல வேண்டும். மேடம் என்னைக் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, அக்காவைக் கேட்க வேண்டும் என்றேன்.

சாயங்காலம் ஃபோன் போட்டேன்.

"அம்மா படம் ஒண்ணு கெடச்சிருக்குக்கா."

"எந்தப் படம்?"

"இல்லத்துல எடுத்தது. உறைமேல 'பிடிவாதக் கிழவி'ன்னு எழுதியிருக்கு."

"முடி இருக்கா?"

"இல்ல. வெட்டினப்புறம் எடுத்தது."

"கிழிச்சிப் போடு."

"அது நம்முது இல்லக்கா. இல்லத்துது."

"அம்மா நம்முதுதானடி?"

கம்ப்யூட்டரில் எல்லாரும் பார்ப்பார்கள் என்று சொன்னதும் அக்காவுக்குக் குரல் ஏறிவிட்டது. கோபம் வந்தால் அக்காவுக்குப் பழைய பேச்சு வந்துவிடும்.

"உனுக்கு இன்னா பைத்தியமா? இங்க கல்யாணம் பேசிகினு கீறேன். பொண்ணு வூட்ல எல்லாம் படிச்சவங்க. எத எடுத்தாலும் ஃபோன்ல தேடறவங்க. எங்க அம்மாவ கடைசி மூச்சு வரிக்கும் நாங்கதான் வச்சிப் பாத்தோம்னு சொல்லிகீறேன். பொண்ணோட அம்மா அதக் கேட்டுட்டுதான், பெரியவங்கள மதிக்கிற குடும்பம்னு சரின்னாங்க. நீ இப்ப மொட்டத் தலையோட அம்மாவ ஊருக்கே காட்டப் போறியா?"

அக்கா மகன் சிறுசேரியில் வேலை பார்க்கிறான். நல்ல பையன். இரண்டு இடம் தட்டிப்போய் இது அமைந்திருந்தது. அக்கா பயப்பட்டதில் தப்பில்லை.

"நான் காட்டல. வேணாம்னா வேணாம்னு நீதான் வந்து சொல்லணும்."

"எதுக்கு நான் வரணும்?"

"படத்தப் பாத்துட்டு, வேணாம்னு கையெழுத்து போடணுமாம்."

"பேஜாராப் போச்சு உன்னோட" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் வந்தாள். வண்டலூர் வழியாகப் பஸ். வெயிலில் முகம் கறுத்திருந்தது. நல்ல புடவை கட்டி, கைப்பையை மடியில் வைத்து, மேடம் முன்னால் நேராக உட்கார்ந்தாள். அக்காவின் பேச்சும் மாறியிருந்தது.

"மேடம், நீங்க ஏதோ நல்லது செய்றீங்க. நான் தடுக்கல. அம்மா படம்தான வேணும்? இதப் போட்டுக்குங்க."

ஃபோனைத் திறந்து காட்டினாள். அக்கா வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படம். அம்மா போனதும் பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துச் செய்தது. அவர்களிடம் அம்மாவின் ரேஷன் கார்டு படம்தான் கொடுத்தோம். அவர்கள் அரக்குப் பட்டு கட்டிவிட்டார்கள். காதில் எட்டுக்கல் தோடு போட்டுவிட்டார்கள். தலை நிறைய முடி, அதில் பூ. சுருக்கத்தையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டார்கள். அம்மா பட்டு கட்டி நான் பார்த்ததில்லை. தோடு இருந்த காதே கிழிந்துபோயிருந்தது. எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். மாட்டி வைத்துக் கும்பிட நன்றாக இருக்கிறது.

"அழகா இருக்காங்க" என்றார் மேடம். "ஆனா இது இங்க எடுத்த படம் இல்லையே மேடம். நீங்க வேணாம்னா அந்தப் படத்த மூடின பெட்டியில வச்சிடுவோம். கம்ப்யூட்டர்ல படம் வராது."

"போதும்."

"ஒரு வரி மட்டும் வரும். இன்னார் படம் இங்க இருக்கு, குடும்பத்தார் விருப்பப்படி மூடி வச்சிருக்கோம்னு."

"பேரும் வருமா?"

"வேணாம்னா பேரையும் எடுத்துடலாம். 'ஒரு பெண்'னு போட்டுடலாம்."

"அப்படியே போடுங்க" என்றாள் அக்கா. கையெழுத்துக்குப் பேனா கேட்டாள்.

"முதல்ல படம் பாத்துடுங்க. இந்தப் படம்தான்னு உறுதி பண்ணணும்."

நான் எடுத்து மேஜைமேல் வைத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டாள். மேலே பயிற்சி விமானம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் எப்போதும் அப்படித்தான். பேச வேண்டியிருந்தால் அது போகிற வரைக்கும் காத்திருப்போம்.

"மூஞ்சப் பாரு" என்றாள். "இன்னா கோவம்."

படத்தைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இன்னிக்கி தின்ன மாட்டேன்றா. கிருத்திகையா இருக்கும்டி."

"தெரியலக்கா. ஞாயிறுன்னு மட்டும்தான் கீது."

"கிருத்திகைக்கு ஒரு பொழுதுதான? குன்றத்தூர் மலைக்கு நம்ம ரெண்டு பேரையும் நடத்தியே இழுத்துகினு போவாளே. ஞாயித்துக்கிழமை இங்க கறி போடுவாங்களா மேடம்?"

"சில நாள் போடுவாங்க."

"அதான். கிருத்திகையும் அதுவுமா கறிய வச்சா தள்ளாம இன்னா பண்ணுவா?"

தட்டில் என்ன இருந்தது என்று படத்தில் தெரியவில்லை. வெளிச்சம் பட்டு வெள்ளையாக இருந்தது.

"சும்மாவும் தள்ளுவா" என்றேன். "உப்பு இல்லன்னா தள்ளுவா. நான் ஒரு வார்த்த சொல்லிட்டாலும் தள்ளுவா."

"அதுவும் சரிதான்."

கிருத்திகை என்று எழுதலாமா என்று மேடம் யோசித்தார். அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எழுதின வார்டன் இப்போது இல்லை. 'காரணம் தெரியவில்லை' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பேரை ரப்பரால் அழித்தேன். பென்சில் என்பதால் சுலபமாக அழிந்தது. உறையை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா வாய்விட்டுப் படித்தாள். "நீல நைட்டி அணிந்த பெண் சாப்பாட்டு அறையில் தட்டைத் தள்ளிவைக்கிறார். காரணம் தெரியவில்லை."

திருப்பிப் பார்த்தாள்.

"பிடிவாதம்னு இருந்துச்சுன்னியே ஃபோன்ல. அது எங்க?"

"எடுத்துட்டோம்."

"ஏன்?"

"கிழவின்னும் போடக் கூடாது, பிடிவாதம்னும் போடக் கூடாது. நம்ம நெனப்ப எழுதக் கூடாதாம்."

"கிழவிய எடு. எவன் எங்கம்மாவ கிழவின்னு எழுதினவன்? பிடிவாதத்த எதுக்குடி எடுத்த?" அக்கா மேடத்தை மறந்துவிட்டாள். "அப்பன் போனப்புறம் நம்ம ரெண்டு பேரையும் ஹோம்ல சேத்துடுன்னு எல்லாரும் சொன்னாங்க. மாட்டேன்னா. எவ பேச்சையாவது கேட்டாளா? கல்லு ஒடைக்கப் போனா. பல்லாவரம் கொவாரியில. கை பாரு, தட்டு மேல கீது பாரு, அந்தக் கை. பிடிவாதம் இல்லன்னா நம்ம எங்க கீறோம்? இதுல கீறது யாரோ ஒரு பொம்பள. காரணம் தெரியாத பொம்பள."

அம்மாவை இல்லத்தில் சேர்த்த அன்று அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாக நான் எடுத்தேன். அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மேடம்தான் மெதுவாகச் சொன்னார். "எழுதலாம் மேடம். நாங்க சொல்ற மாதிரி எழுதக் கூடாது. நீங்க சொன்னதா எழுதலாம். 'பிடிவாதக்காரர் என்கிறார் மூத்த மகள்'னு."

"அப்ப?"

"அப்ப மகள்னு வரும். மகள் வந்துட்டா பேரும் வரணும். அம்மா பேர். யாரோட மகள்னு இல்லாம போட முடியாது."

"அது எல்லாருக்கும் தெரியுமா?"

"படம் தெரியாது. வரி தெரியும். தேடினா கெடைக்கும்."

விமானம் திரும்ப வந்தது. அக்கா கைப்பை வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் முறுக்கினாள். நான் பென்சிலைச் சீவினேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை. எதுவானாலும் எனக்குச் சரி என்றுதான் இருந்தது. அப்படி இருக்கக் கூடாது என்று தெரிந்தது. இருந்தது.

"நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டாள்.

"உன் புள்ள கல்யாணம். நீ சொல்லுக்கா."

"எப்பவும் இதயே சொல்லு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீயும் அவளாட்டம்தான். அவ கத்துவா. நீ கம்முனு இருப்ப. ரெண்டும் ஒண்ணுதான்."

விமானம் போனது.

"எழுது" என்றாள். "பேரு எழுது. மகள்னு எழுது. படம் மட்டும் இப்ப வேணாம். கல்யாணம் முடியட்டும்."

எழுதினேன். அம்மா பேரை முதலில் எழுதினேன். பிறகு வரி. 'பிடிவாதக்காரர் என்கிறார் மூத்த மகள்.' அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். 'மூத்த' என்ற இடத்தில் என் கை நின்றது. இளைய மகள் என்ன சொல்கிறாள் என்று மேடம் கேட்டார். எழுத ஒன்றும் இல்லை என்றேன். பிறகு, 'இளைய மகள் அன்று லீவு' என்று போடட்டுமா என்றேன். மேடம் என்னைப் பார்த்தார். போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து குழாயில் முகம் கழுவினாள். டீ வேண்டாம் என்றாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். கல்யாண வீட்டுக்கு என்ன புடவை எடுப்பது, மண்டபத்தில் ஏசி வேலை செய்யுமா என்று பேசிக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பற்றிப் பேசவில்லை.

மறுநாள் அடுத்த பெட்டி எடுத்தோம். முதல் உறையில் ஓர் ஆள், வேப்பமரத்தடியில் நிற்கிறார். 'கிழம், பேர் தெரியாது' என்று இருந்தது. கேட்க யாரும் இல்லை. 'மரத்தடியில் நிற்கிறார், கையில் செருப்பு' என்று எழுதினேன்.

கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் பட்டுப்புடவை அம்மாவைக் கொண்டுவந்து வைத்து மாலை போட்டிருந்தார்கள். பந்தியில் எனக்குப் பக்கத்தில் பொண்ணின் அம்மா உட்கார்ந்தார். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தோம்.

"உங்க அம்மா ரொம்பப் பிடிவாதக்காரங்களாமே" என்றார்.

அக்கா சொன்னாளா, தேடிப் படித்தாரா, தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். சும்மாதான் கேட்டிருந்தார்.

"ஆமாங்க" என்றேன்.

"எங்க மாமியாரும் அப்படித்தான். அவங்களும் கடைசியா ஒரு ஹோம்லதான் இருந்தாங்க. குரோம்பேட்டை பக்கம். வெளிய சொல்லிக்கறது இல்ல."

பருப்பு வந்தது. நெய் வந்தது. அவர் போதும் என்று கையை இலைமேல் மறைத்துக்கொண்டார். எனக்கு ஊற்றச் சொன்னேன். நன்றாகப் பசித்தது.